ஊர்க்கணக்கு கேள்வி–பதில்: ஓட்டில் இருக்கும் வருஷமும் பள்ளிக்கூடத்தின் வயசும்

(பதில் எழுதுபவர் காவிரி டெல்டாவில் தாலுகா ஆபீஸ் பதிவறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப் பொதுக் கட்டடங்கள், பழைய ஆவணங்கள் பற்றி வாசகர்கள் கேட்பதற்கு இந்தப் பகுதியில் விடை சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். இறக்கி வைத்த ஓட்டில் 'பாசல் மிஷன், மங்களூர், 1865' என்று அச்சு இருக்கிறது. அப்படியானால் பள்ளிக்கு நூற்றைம்பது வயசுக்கு மேலா? பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள். — நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

தம்பி, 1865 அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அதே அச்சில் ஓடு சுட்டார்கள். எல்லாவற்றிலும் அந்த எண் விழுந்தது. அதனால் ஓட்டை வைத்து ஒன்றுதான் சொல்லலாம்: இந்தக் கூரை 1865-க்கு முந்தியது இல்லை. கூரையின் வயசும் சுவரின் வயசும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் மறக்காதீர்கள். கீற்றை எடுத்துவிட்டு நாட்டு ஓடு, நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுச் சீமை ஓடு என்று மாற்றிய கட்டடங்கள் டெல்டாவில் ஏராளம்.

இடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். செங்கல் மெல்லியதாகவும் சின்னதாகவும் இருந்து, இடையில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் பழைய கட்டு. இரும்பு உத்தரம் இருந்தால் துரு சுரண்டிவிட்டு அதன் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். உருக்கிய கம்பெனியின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். டாடா என்று இருந்தால் அந்த உத்தரம் 1912-க்குப் பிறகு வந்தது, ஏனென்றால் ஜாம்ஷெட்பூரில் எஃகு உருக்கத் தொடங்கியதே அப்போதுதான். இப்படி 'இதற்கு முந்தியது இல்லை' என்கிற கீழெல்லையைப் பிடிக்கலாம்.

'இதற்குப் பிந்தியது இல்லை' என்கிற மேலெல்லைக்கு ஊரார் நினைவு போதும். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். "எந்த வருஷம்?" என்று கேட்டால் ஆளுக்கொன்றுதான் வரும். "மேட்டூர் அணை கட்டுவதற்கு முன்னாலா?" "ஐம்பத்திரண்டு புயலில் இந்த ஓடு பறந்ததா?" "எழுபத்தேழு புயலுக்கு இதில் யாராவது தங்கினார்களா?" என்று கேளுங்கள். மேட்டூர் 1934. நாகப்பட்டினத்தில் கரையேறிய பெரும்புயல்கள் 1952 நவம்பர் கடைசியிலும் 1977 நவம்பரிலும். அந்த இரவுகளில் எங்கே இருந்தோம் என்பது டெல்டா ஜனங்களுக்கு மறக்காது. பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர் அந்தச் சுவரின் மூலைமுடுக்கைக்கூடச் சொல்வார்.

இதற்கெல்லாம் மேலே, தலைமையாசிரியர் அறை பீரோவில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். முதல் வேலையாக அதைக் கேளுங்கள். வரிசை எண் ஒன்று எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது, பள்ளியின் பெயர் மேலே எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஜில்லா போர்டு' என்றிருந்தால் ஊராட்சி ஒன்றியங்கள் வருவதற்கு முந்திய ஏடு. 1960–61 வாக்கில்தான் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன் கைக்கு மாறின. ஆய்வாளர்கள் வந்து கையெழுத்துப் போட்ட பார்வைப் புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது. 'கட்டடம் ஒழுகுகிறது', 'பெஞ்சு இல்லை', 'கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும்' என்று அதில் எழுதியிருப்பார்கள். அதுதான் கட்டடத்தின் வாழ்க்கைக் குறிப்பு.

ஐம்பதுகளின் கடைசியில், காமராஜர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் மேசை, நாற்காலி, கடிகாரம், மணி, நிலம் என்று கொடுத்தார்கள். உங்கள் பள்ளியில் தொங்கும் மணியின் விளிம்பில் 'உபயம்' என்று பெயர் இருக்கிறதா பாருங்கள். மதிய உணவு 1956-இல், சத்துணவு 1982-இல். தனியாக நிற்கும் சமையல் கூடம் இந்த இரண்டில் எதை ஒட்டி வந்தது என்று அங்கே ஆக்கிப் போட்ட ஆயாவைக் கேட்டால் தெரிந்துவிடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையைப் பிரித்தது அதற்குப் பிறகுதான். உங்கள் வளாகத்தில் கான்கிரீட் அறை எப்போது வந்தது என்பதற்குப் பின்னால் அந்தத் துயரமும் இருக்கக்கூடும்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் 'தகப்பனார் தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போங்கள். மிராசுதார், கர்ணம், கடை, தச்சு, தட்டான் என்று போகும். 'பண்ணை வேலை' என்பது முதன்முதலில் எந்த வருஷம் வருகிறது? பெண் பிள்ளையின் பெயர் முதலில் எந்த வருஷம்? இந்த இரண்டு தேதிகளையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் எழும்பிய தேதியைவிட எனக்கு இவை பெரிதாகப் படுகின்றன. ஏன் என்று கீழே வேறொரு கேள்வியில் சொல்கிறேன்.

பதிவேட்டை இடிப்பு தொடங்கும் முன்பே பாருங்கள். ஒரு பள்ளி இடம் மாறியபோது பழைய ஏடுகள் தாழ்வாரத்தில் கிடந்து, ஒரே ஐப்பசி மழையில் கஞ்சியாகிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டடத்தை மறுபடி கட்டலாம்.

கேள்வி: ஊர் எல்லையில் சாலையோரமாக ஒரு சத்திரம் பாழடைந்து கிடக்கிறது. சிலர் ராஜா கட்டியது என்கிறார்கள். ஒரு குடும்பம் தங்கள் முப்பாட்டனார் கட்டியது என்கிறது. எப்படி முடிவு செய்வது? — ஒரத்தநாடு வட்டத்து வாசகி

உங்கள் வட்டத்தில் ராஜா பெயர் வருவதில் ஆச்சரியமில்லை, அம்மா. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் பாதையை ஒட்டித் தஞ்சை மராட்டியர் வரிசையாகச் சத்திரம் வைத்தார்கள். நாட்டைக் கும்பினியிடம் இழந்த பிறகும் சரபோஜி சத்திரங்களை மட்டும் விடமாட்டேன் என்று நின்றார். 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதத்தில், வழிப்போக்கருக்குச் சாதி பார்க்காமல் சோறு, நோயாளிக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் அங்கே நடக்கிறது என்று விவரித்திருக்கிறார். திருவையாற்று அரசர் கல்லூரி சத்திர வருமானத்தில் வளர்ந்ததுதான். இந்தச் சத்திரங்களையும் அவற்றின் நிலங்களையும் பார்க்கத் தஞ்சாவூர் கலெக்டரின் கீழ் தனி நிர்வாகமே இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயர் அவர்களுடைய பட்டியலில் இருந்தால் முதல் கட்சி சொல்வது சரி.

இல்லையென்றால் தனியார் தர்மம். அதற்கு வழி இருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் 'அ' பதிவேட்டில் அந்த இடத்தின் சர்வே எண்ணையும் வகைப்பாட்டையும் பாருங்கள். புறம்போக்கா, நத்தமா, பட்டாவா? யூ.டி.ஆர். என்கிற நிலப் பதிவேட்டுத் திருத்தத்துக்குப் பிறகு எழுதியது மட்டும் போதாது. எண்பதுகளில் அந்தத் திருத்தம் நடந்தபோது பல பொது இடங்கள் பெயர் மாறியிருக்கின்றன. அதற்கு முந்திய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேளுங்கள். அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம்.

அங்கே பெரும்பாலும் சத்திரத்தின் சொந்தப் பத்திரம் கிடைக்காது. அதனால் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். பக்கத்து நிலத்துப் பத்திரங்களை எடுங்கள். ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் நான்கெல்லை எழுதியே ஆக வேண்டும். 'இன்னார் தர்மச் சத்திரத்துக்குக் கிழக்கு, ராஜபாட்டைக்கு வடக்கு' என்று பக்கத்துக்காரர் பத்திரத்தில் ஒரு வரி கிடந்தால் உங்கள் கேள்விக்கு விடை அதுதான். தன் சத்திரம் என்று யாரும் பெருமைக்காக எழுதாத இடத்தில், வேறு வேலையாக எழுதிய வரி அது. பதிவறையில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் நான் அதிகம் நம்பியது இப்படிப்பட்ட வரிகளைத்தான்.

கட்டியவர் பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். அங்கே கிணற்றில் தண்ணீர் இறைத்தவர், சமைத்தவர், சாயங்காலம் விளக்கு ஏற்றியவர் யார்? அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் அதே ஊரில்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கர்ணம் வீட்டில் பழைய கணக்குப் புத்தகங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது அவை எங்கே இருக்கும்? — வலங்கைமான் வாசகர்

1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை அரசு ஒழித்தது. கர்ணமும் மணியக்காரரும் கணக்குகளை ஒப்படைத்தார்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அடங்கல், சிட்டா, பிறப்பு இறப்பு என்று அரசாங்கக் கணக்கெல்லாம் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். என் தாய்மாமாவும் வெண்ணாற்றங்கரையில் ஒரு ஊருக்குக் கர்ணம். ஒப்படைத்த அன்று சாயங்காலம் அவர் திண்ணையில் வெறுமனே உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவர் சொந்தமாக எழுதி வைத்திருந்த குறிப்பேடு அரசாங்கத்துடையது இல்லை, அது வீட்டிலேயே இருந்தது. குடிமராமத்துக்கு எந்தத் தெருவிலிருந்து எத்தனை ஆள் வந்தார்கள், எந்த மதகு உடைந்தது, யாருக்கு எவ்வளவு நெல் கூலி என்றெல்லாம் அதில் இருந்தது. உங்கள் ஊர்க் கர்ணம் வீட்டாரிடம் 'பழைய கணக்கு' என்று கேட்டால் பயப்படுவார்கள். 'தாத்தா எழுதின நோட்டு இருக்கிறதா?' என்று கேளுங்கள். அவர்கள் கண்முன்னாலேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு ஏட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊரைப் பற்றிச் சிறப்பு மலர் போடுகிறார்கள். சாவடி, கோயில் மண்டபம், பண்ணையார் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் என்று கட்டடப் பட்டியல் தயார். எங்கள் பாட்டி காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் இதில் ஒன்றிலும் கால் வைக்க முடியாது. இப்போது 'உங்கள் தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்' என்கிறார்கள். எழுத எங்களிடம் என்ன கட்டடம் இருக்கிறது? — கீழ்வேளூர் வட்டத்து வாசகி

நிறைய இருக்கிறது, அம்மா. ஒரு பக்கம் போதாது என்று சொல்லுங்கள்.

முதலில் அவர்கள் பட்டியலில் இருக்கும் கட்டடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவடிக்கு மண் வெட்டியது யார், சுண்ணாம்பு அரைத்தது யார், செங்கல் சுமந்தது யார்? கல்வெட்டில் பண்ணையார் பெயர் மட்டும்தான் இருக்கும். உங்கள் தெருக் கிழவிகளிடம் கேட்டால் சுமந்தவர் பெயர் கிடைக்கும். அந்தப் பெயர்களை எழுதுங்கள்.

அடுத்து, உங்கள் தெருப் பள்ளிக்கூடம். 1920களிலிருந்து தொழிலாளர் துறை தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று பள்ளிகள் நடத்தியது. பெரியவர்கள் 'லேபர் ஸ்கூல்' என்பார்கள். பிற்பாடு அவையே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. ஊர்ப் பள்ளியில் இடமில்லாததால் வந்த பள்ளி என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதன் ஆவணங்கள் கல்வித் துறையில் கிடைக்காது, நலத் துறையில் கேளுங்கள்.

அப்புறம் மனைப் பட்டா. குடிசை நின்ற மண்கூடப் பண்ணையாருடையது என்பதால், அவர் போ என்றால் போக வேண்டும் என்றிருந்த காலத்தை 1971-ஆம் வருஷக் குடியிருப்புச் சட்டம் மாற்றியது. குடியிருந்தவருக்கே அந்த மனை சொந்தம் என்றாயிற்று. உங்கள் தெருவில் யார் வீட்டுப் பெட்டியிலாவது அந்தப் பட்டா மடித்து வைத்திருக்கும். அதைப் படம் எடுத்து மலரில் முழுப் பக்கம் போடச் சொல்லுங்கள். ஊர்ச் சாவடிக்குக் கல்வெட்டு என்றால் உங்கள் தெருவுக்கு அந்தக் காகிதம்.

கொடிக்கம்பத்தை விட்டுவிடாதீர்கள். நாற்பதுகளில் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்தபோது சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த ஊர்கள் இவை. சங்கக் கொடி நட்ட இடத்தில்தான் கூலி பேசினார்கள், அங்கேதான் தீர்மானம் போட்டார்கள். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த சேதியைப் படித்துக் காட்டியதும் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கும். நாலு சுவர் இல்லாவிட்டாலும் அது பொது இடம். சாவடியில் நடந்த பஞ்சாயத்துக்கு இருக்கும் மதிப்பு இங்கே நடந்த பஞ்சாயத்துக்கும் உண்டு. உங்கள் வட்டத்தில் வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்த இடத்தில் நினைவிடம் நிற்கிறது. கூலி உயர்வு கேட்ட ஊர் அது. அதைத் தாண்டி நடந்து போகிற ஊர்களின் மலரில் அதற்கு ஒரு வரிகூட இல்லாமல் இருப்பது சரியில்லை.

எழுத்து ஆதாரம் வேண்டும் என்று யாராவது கேட்டால் அதற்கும் உங்கள் பக்கத்தில் வழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களைக் கணக்கெடுத்தார். தஞ்சை ஜில்லாவிலிருந்து எடுத்த ஊர் பாலக்குறிச்சி. முப்பதுகளில் அதே ஊரை மறுபடியும் ஆய்வு செய்தார்கள். நிலம் யாரிடம், உழைப்பு யாருடையது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. உங்கள் ஊரை நேராகச் சொல்லாவிட்டாலும் சுற்றுவட்டார நிலைமைக்குச் சாட்சி.

கடைசியாக, மலர்க் குழுவிடம் ஒன்று கேளுங்கள். நான் எந்த ஊரில் பேசப் போனாலும் வற்புறுத்துவது இதைத்தான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு வருஷம் எழுத வேண்டும்: கட்டிய வருஷம், ஊரில் எல்லாரும் உள்ளே வர முடிந்த வருஷம். சாவடித் திண்ணையில் உங்கள் தெருக்காரர் முதலில் உட்கார்ந்தது எப்போது? பள்ளிப் பதிவேட்டில் உங்கள் தெருப் பிள்ளையின் பெயர் முதலில் விழுந்தது எப்போது? மேலே நீடாமங்கலம் தம்பிக்கு நான் சொன்ன கட்டம் இதற்குத்தான். இரண்டாவது வருஷம் இன்னும் வராத கட்டடம் இருந்தால் அந்த இடத்தைக் காலியாகவே அச்சிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வயல் நடுவில் ரயில் நிலையம் இருந்ததாகத் தாத்தா சொல்வார். உண்மையா? — பொறையார் வாசகர்

உண்மைதான். மாயவரம்–தரங்கம்பாடி பாதை 1926-இல் தொடங்கி 1986-இல் நின்றது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக ஓடியது. தண்டவாளம் போட்ட கரை பல இடங்களில் இன்னும் மேடாகத் தெரியும். அந்த ரயிலில் காய்கறி, மீன் கொண்டுபோன பெண்கள் சிலராவது இருப்பார்கள், அவர்களைத் தேடிப் பேசுங்கள்.

கேள்வி: ஊராட்சி நூலகம் பூட்டியே கிடக்கிறது. அதைப் பற்றி எழுதவும் வரலாறு இருக்கிறதா? — மன்னார்குடி வாசகர்

மன்னார்குடிக்காரர் இதைக் கேட்கலாமா! நூலகத்தை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியதே உங்கள் பக்கத்தில்தான். 1931-இல் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்கிற ஓய்வு பெற்ற பொறியாளர் அந்த வண்டியைத் தொடங்கினார். தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலில் உலகமே அறிந்த அவர் முயற்சியில்தான் 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். இன்றைக்கும் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஊர் கட்டிய காசு அது.

பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய கட்டடமாக இருக்கும். கிராம சபையில் எழுந்து, எந்த வருஷம் கட்டினார்கள், எத்தனை புத்தகம் வந்தது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வரலாறும் ஆயிற்று, கதவும் திறக்கலாம்.

கேள்வி: கோயில் சுவர்க் கல்வெட்டின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிப் படிக்கலாமா? — திருப்பனந்தாள் வாசகர்

கூடவே கூடாது. கம்பி பிரஷ், ஆசிட், உளி எதுவும் வேண்டாம். மணலை வீசிச் சுத்தம் செய்து எழுத்தே மழுங்கிப்போன கோயில்கள் போதும். வாழை இலையால் தூசியை மட்டும் துடைத்துவிட்டு, இருட்டிய பிறகு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பெயிண்ட் அடியில் எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வரி வரியாகப் படம் எடுங்கள்.

பெயிண்டுக்கு முன்பே யாராவது படி எடுத்திருக்கவும் வாய்ப்பு அதிகம். 1887-இலிருந்து கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கைகள் ஜில்லா, தாலுகா, ஊர் என்ற வரிசையில் வந்திருக்கின்றன. அதில் தேடும்போது இன்றைய மாவட்டத்தைப் பார்க்காதீர்கள். நாகப்பட்டினம் 1991-இல், திருவாரூர் 1997-இல், மயிலாடுதுறை 2020-இல் பிரிந்தவை; பழைய அறிக்கையில் எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாதான். படங்களை எனக்கும் அனுப்புங்கள். ஊர்ப் பெயரோடு பழைய தாலுகா பெயரையும், எந்தப் பக்கச் சுவர் என்பதையும் எழுதுங்கள்.